நின்றபடியே படித்தவர்கள்

1937 அக்டோபரில் போலந்தின் தலைநகர் வார்சாவில் பல்கலைக்கழக வகுப்புகள் தொடங்கியபோது யூத மாணவர்கள் உட்கார மறுத்தார்கள். மண்டபத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் உட்காரலாம் என்று நிர்வாகம் அனுமதித்திருந்தது இடது பக்கத்துப் பெஞ்சுகளில் மட்டும்தான். அங்கே போய் உட்கார்ந்தால், மற்ற மாணவர்களோடு சமமாக அமரத் தங்களுக்குத் தகுதியில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர்கள் நினைத்தார்கள். எனவே சுவரோரத்திலும் கடைசி வரிசைக்குப் பின்னாலும் நின்றுகொண்டு பாடம் கேட்டார்கள்; நோட்டுப் புத்தகத்தைக் கையில் ஏந்தியபடியே குறிப்பெடுத்தார்கள். ஒரு நாள் அடையாளப் போராட்டமாக இது முடிந்துவிடவில்லை. பலர் மாதக்கணக்கில், சிலர் படிப்பு முடியும்வரை, இப்படியே நின்றார்கள்.

அந்தத் தனி இருக்கைகளுக்குப் போலந்தில் 'கெட்டோ பெஞ்சு' என்று பெயர். ஊருக்குள் யூதர்களை அடைத்துவைத்த தனிக் குடியிருப்புக்கு 'கெட்டோ' என்ற பெயர் 1516இல் வெனிஸ் நகரில் தொடங்கியது. நானூறு ஆண்டுகள் கழித்து அதே பெயர் ஒரு வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று புரிந்துகொள்ள அன்றைய போலந்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் பங்குபோட்டுக்கொண்ட அந்த நாடு, 123 ஆண்டுகளுக்குப் பிறகு 1918 நவம்பரில் விடுதலை பெற்றது. 1931 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 31 லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். மொத்த மக்களில் பத்தில் ஒருவர் யூதர். வார்சா நகரில் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். 1921ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் சம உரிமை என்றது. அதற்கு முன்பே, 1919இல் கையெழுத்திட்ட சிறுபான்மையினர் ஒப்பந்தத்திலும் போலந்து இதே வாக்குறுதியைத் தந்திருந்தது.

1921-22 கல்வியாண்டில் போலந்தின் உயர்கல்வி மாணவர்களில் 24.6 விழுக்காட்டினர் யூதர்கள். மக்கள்தொகையில் பத்து விழுக்காடே உள்ளவர்கள் கல்லூரியில் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று தேசியவாதக் கட்சிகள் கொதித்தன. இந்தக் கணக்கில் ஒரு மறைப்பு இருந்தது. போலந்து மக்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயிகள்; யூதர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். நகர மக்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்களில் யூதர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். எந்த நாட்டிலும் அக்காலத்தில் பல்கலைக்கழகம் போனவர்கள் நகரத்துப் பிள்ளைகள்தான். மேலும், அரசு வேலையின் கதவு யூதர்களுக்கு அனேகமாகச் சாத்தியே இருந்தது. சொந்தக் காலில் நிற்க மருத்துவமும் வழக்கறிஞர் தொழிலுமே வழி என்பதால் அந்தப் படிப்புகளில் அவர்கள் குவிந்தது இயல்பானது.

படிக்க வரும் யூதர்களுக்கு எண்ணிக்கை வரம்பு போடுவது போலந்தின் கண்டுபிடிப்பு அல்ல. ஜார் ஆண்ட ரஷ்யா 1887இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இத்தகைய வரம்பை விதித்தது. யூதர்கள் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட மேற்குப் பகுதியில் 10 விழுக்காடு, அதற்கு வெளியே 5, மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் 3 என்பது அந்த அளவு. 1920இல் ஹங்கேரி தனிச் சட்டமே இயற்றியது. பிற்காலத்தில் அணுக்கரு தொடர்வினையை முதலில் கற்பனை செய்த லியோ சிலார்ட், புடாபெஸ்டில் தன் படிப்பைத் தொடரப் போனபோது தேசியவாத மாணவர்களால் தடுக்கப்பட்டு ஜெர்மனிக்குப் போனவர். போலந்து நாடாளுமன்றத்திலும் 1923இல் இப்படி ஒரு மசோதா வந்தது. சிறுபான்மையினர் ஒப்பந்தத்தை மீறுவதாக உலகம் குற்றம்சாட்டும் என்ற அச்சத்தால் அது சட்டமாகவில்லை.

சட்டம் வராவிட்டால் என்ன? துறைகள் தாங்களாகவே செய்துகொண்டன. யாரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் அந்தந்தப் புலத்திடம் இருந்தது. குறிப்பாக மருத்துவத்தில் யூதர்களின் விண்ணப்பங்கள் சத்தமில்லாமல் கழிக்கப்பட்டன. இம்மானுவேல் ரிங்கல்ப்ளும் மருத்துவம் படிக்க விரும்பி, இடம் கிடைக்காமல் வரலாறு படித்தார். பின்னாளில் நாஜிகள் வார்சாவில் அமைத்த கெட்டோவுக்குள் நடந்ததையெல்லாம் ரகசியமாக ஆவணப்படுத்திய குழுவின் தலைவர் அவரே. போர்க் குற்றவாளிகளைத் தேடிப் பிடிப்பதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட சைமன் வீசெந்தால், லிவோவ் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) பாலிடெக்னிக்கில் யூதர்களுக்கான இடவரம்பால் சேர முடியாமல் பிராக் நகருக்குப் போய்க் கட்டடக் கலை படித்தார். வசதி இருந்தவர்கள் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போனார்கள். வசதி இல்லாதவர்களின் படிப்பு அத்தோடு நின்றது.

உள்ளே நுழைந்துவிட்டவர்களின் நிலையும் சுகமாக இல்லை. மருத்துவக் கல்லூரிகளில் ஒரு விசித்திரமான கோரிக்கை கிளம்பியது: கிறிஸ்தவர்களின் பிணங்களை யூத மாணவர்கள் அறுத்துப் பார்க்கக் கூடாது, யூத சமூகமே தன் மாணவர்களுக்குப் பிணங்களைத் தர வேண்டும் என்றார்கள். இறந்த உடலைச் சிதைக்காமல் விரைவில் புதைப்பது யூத மதத்தின் கண்டிப்பான வழக்கம். அது தெரிந்தே வைக்கப்பட்ட கோரிக்கை இது. பிணம் வராவிட்டால் உடற்கூறியல் வகுப்பு கிடையாது. அந்த வகுப்பு இல்லாவிட்டால் மருத்துவப் பட்டம் கிடையாது.

1931 நவம்பரில் பல நகரங்களில் கலவரம் வெடித்தது. வில்னோ நகரில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) தாக்குதலுக்கு உள்ளான யூத மாணவர்கள் திருப்பித் தாக்கினார்கள். அந்த மோதலில் ஒரு கல் பட்டு ஸ்டானிஸ்லாவ் வாட்ஸ்லாவ்ஸ்கி என்ற போலந்து மாணவர் உயிரிழந்தார். தேசியவாத அமைப்புகள் அவரைத் தியாகியாக்கின. அதன்பின் ஆண்டுதோறும் நவம்பர் வந்தால் பல்கலைக்கழகங்களில் யூதர்கள் மீது தாக்குதல் நடப்பது ஏறக்குறைய சடங்காகிவிட்டது. கைத்தடிகளின் நுனியில் சவர பிளேடுகளைச் செருகிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் என்றும் பார்க்கவில்லை. வார்சாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மெனகெம் பெகின், பின்னாளில் இஸ்ரேலின் பிரதமரானவர், தற்காப்புக் குழு ஒன்றை அமைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி எழும். பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி இருந்தது. ரெக்டர், அதாவது நம் துணைவேந்தருக்கு நிகரானவர், அழைத்தால் ஒழிய போலீஸ் வளாகத்துக்குள் வர முடியாது. ஆட்சியாளர்களின் தலையீட்டிலிருந்து அறிவைக் காக்க ஏற்பட்ட அந்த நல்ல ஏற்பாடு, இங்கே அடிப்பவர்களுக்கு அரணாகிவிட்டது. பல ரெக்டர்கள் கலவரம் நடந்தால் சில நாள் விடுமுறை விட்டார்கள். கதவைத் திறந்ததும் கதை மறுபடி தொடங்கியது.

இந்தக் கும்பல்களுக்குப் பின்னால் இருந்தது ரோமன் ட்மோவ்ஸ்கியின் தேசிய ஜனநாயக இயக்கமும், 1922இல் உருவான 'அனைத்துப் போலந்து இளைஞர்' அமைப்பும், 1934இல் தோன்றிய இன்னும் தீவிரமான 'தேசிய தீவிரவாத முகாம்' என்ற கட்சியும். 1930களின் பொருளாதார மந்தத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கு வேலை இல்லை. இடம் போதாத நாட்டில் ஒரு சாராரை விரட்டினால் நமக்கு இடம் கிடைக்கும் என்ற ஆசையைத் தூண்டுவது எளிது. அரசுத் தலைமையில் இருந்த யூசெஃப் பில்சுட்ஸ்கி இந்தக் கட்சிகளுக்கு எதிரி. அவர் இருந்தவரை ஒரு தடை இருந்தது. 1935 மே மாதம் அவர் இறந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் தேசியவாதிகளை எதிர்த்து நிற்பதற்குப் பதில் அவர்களுடைய முழக்கங்களையே கடன்வாங்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் 1933 ஏப்ரலிலேயே, புதிதாகச் சேரும் மாணவர்களில் யூதர்கள் 1.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதையும் இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1935 டிசம்பரில் லிவோவ் பாலிடெக்னிக்கில் முதன்முதலாகத் தனி இருக்கை ஆணை வந்தது. 1936 நவம்பரில் தேசியவாத மாணவர்கள் வார்சா பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கைப்பற்றி உள்ளேயே உட்கார்ந்து, தனிப் பெஞ்சு வேண்டும் என்று முழங்கினார்கள். கடைசியில் கல்வி அமைச்சகம் வளைந்து கொடுத்தது. இருக்கை ஒழுங்கைத் தீர்மானிக்கும் அதிகாரம் ரெக்டர்களுக்கு உண்டு என்றது. 1937 அக்டோபர் 5 அன்று வார்சா பாலிடெக்னிக் ஆணை பிறப்பித்தது. அடுத்தடுத்து வார்சா பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. வார்சா பல்கலைக்கழகம் அப்போது பில்சுட்ஸ்கியின் பெயரைத் தாங்கியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆணைக்குச் சொல்லப்பட்ட காரணம் 'அமைதி'. யூதர்களைத் தனியே உட்காரவைத்தால் சண்டை நடக்காது, வகுப்பு ஒழுங்காக நடக்கும் என்றார்கள். அடித்தவனை வெளியேற்றாமல் அடிபட்டவனை ஓரமாக உட்காரச் சொல்வதற்கு அமைதி என்று பெயர் வைத்தது அந்த நிர்வாகங்கள் செய்த பெரிய குற்றம். இந்த ஒன்றை நாசூக்கான சொற்களால் மூட முடியாது.

'இன்டெக்ஸ்' என்று அழைக்கப்பட்ட அக்கால மாணவர் பதிவேடு இந்தப் பிரிவினையைக் கண்முன் காட்டும். சிறு கையடக்கப் புத்தகம் அது. உள்ளே மாணவரின் புகைப்படம், கையெழுத்து, பருவந்தோறும் கேட்ட பாடங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே பேராசிரியரின் ஒப்பம். அந்த ஒப்பம் இல்லாமல் தேர்வு எழுத முடியாது. மாணவர் வாழ்க்கைக்கே அதுதான் ஆதாரச் சீட்டு. 1937க்குப் பிறகு வார்சாவில் அந்தப் பதிவேட்டில் ஒரு முத்திரை விழுந்தது. ஒற்றைப்படை எண் பெஞ்சுகளில் இடம் என்று யூதருக்கு. இரட்டைப்படை எண் பெஞ்சுகளில் இடம் என்று மற்றவர்க்கு. 'யூதர்' என்ற சொல் முத்திரையில் இல்லை. பார்ப்பதற்கு ஏதோ இருக்கை எண் போலத்தான் தெரியும். ஆனால் அந்தப் புத்தகத்தை எங்கே நீட்டினாலும், நூலகத்திலோ அலுவலகத்திலோ, எந்த எண் என்று பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அந்த முத்திரை பதிந்த பதிவேடுகள் சில இன்றும் இருக்கின்றன.

யூத மாணவர்கள் இதற்குக் கண்டுபிடித்த பதில்தான் நிற்பது. எளிமையானதுபோல் தெரிந்தாலும், நன்கு யோசித்து எடுத்த முடிவு அது. வகுப்பைப் புறக்கணித்தால் நஷ்டம் தங்களுக்குத்தான். அதைத்தான் எதிரிகள் விரும்பினார்கள். வலது பக்கம் போய் உட்கார்ந்தால் உடனே அடிதடி. அதைக் காட்டி 'பார்த்தீர்களா, இவர்களால்தான் கலவரம்' என்பார்கள். இடது பக்கம் உட்கார்ந்தால் ஆணை வென்றுவிடும். நின்றால் இந்த மூன்றும் நடக்காது. பாடம் காதில் விழும். கை ஓங்காமலே மறுப்பு பதிவாகும். விரிவுரை நடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பேராசிரியரும் மற்ற மாணவர்களும் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் அநியாயமான ஏற்பாடு நடைபெற வேண்டுமானால் அதற்கு ஆளானவர்களின் ஒத்துழைப்பும் தேவைப்படுகிறது. அதைத் தர மறுப்பது என்பதுதான் இதன் சாரம்.

உடலுக்கு இது லேசானதல்ல. காலை முதல் மாலைவரை மண்டபத்துக்கு மண்டபம் மாறி, ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் கனத்த கோட்டு, ஒரு கையில் புத்தகம், மறு கையில் பேனா. பக்கத்தில் காலிப் பெஞ்சு. போதாததற்கு, நிற்பவர்களைப் பிடித்து இடது பக்கம் தள்ளி உட்காரவைக்கக் கும்பல்கள் முயன்றன. நிற்பதே ஒழுங்குமீறல் என்று சொல்லி நிர்வாகமும் நடவடிக்கை எடுக்கும் என்று மிரட்டியது. சில பேராசிரியர்கள் நிற்பவர்களை வெளியே போகச் சொன்னார்கள்.

வேறு சில பேராசிரியர்கள் செய்தது வேறு. தத்துவப் பேராசிரியர் ததேயுஷ் கோதார்பின்ஸ்கி, மாணவர்கள் நிற்கும்போது தான் உட்கார மாட்டேன் என்று நின்றபடியே பாடம் நடத்தினார். வரலாற்றறிஞர் மார்செலி ஹாண்டெல்ஸ்மன், சமூகவியலாளர் ஸ்டானிஸ்லாவ் ஓசோவ்ஸ்கி, வில்னோவின் இலக்கியப் பேராசிரியர் மான்ஃப்ரெட் கிரிட்ல் போன்றவர்கள் ஆணையை ஏற்க மறுத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் கூட்டாகக் கண்டன அறிக்கை வெளியிட்டார்கள். லிவோவில் கணிதப் பேராசிரியர் கசிமியேஷ் பார்தெல், முன்பு பலமுறை பிரதமராக இருந்தவர், எதிர்ப்புத் தெரிவித்ததற்காக மாணவர்களின் முட்டை வீச்சுக்கு ஆளானார். லிவோவ் பல்கலைக்கழக ரெக்டர் ஸ்டானிஸ்லாவ் குல்சின்ஸ்கி ஒரு படி மேலே போனார். தனி இருக்கை ஆணையில் கையெழுத்திட வேண்டிய நிலை வந்தபோது, கையெழுத்திடாமல் 1938 ஜனவரியில் பதவியைத் துறந்தார். நாடு முழுவதிலும் இருந்த பேராசிரியர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இவர்கள் சிறுபான்மை. பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை.

போலந்து மாணவர்களிலும் யூத நண்பர்களோடு சேர்ந்து நின்றவர்கள் உண்டு. அவர்களும் அடி வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் வார்சாவில் படித்த இரேனா சென்ட்லர் என்ற இளம்பெண். கத்தோலிக்கரான அவருடைய பதிவேட்டில், அவர் யூதர் அல்ல என்று காட்டும் குறிப்பு இருந்தது. அந்தச் சலுகை எனக்கு வேண்டாம் என்று அவர் அதை அடித்துவிட்டார். பல்கலைக்கழகம் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது.

வகுப்பறைக்கு வெளியேயும் ஆதரவு எழுந்தது. 1937 அக்டோபர் 19 அன்று யூதத் தொழிலாளர் கட்சியான 'புந்த்' விடுத்த அழைப்பை ஏற்று யூதத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலந்து சோஷலிசத் தொழிற்சங்கத்தினரும் கலந்துகொண்டார்கள். தையற்காரரும் செருப்புத் தைப்பவரும், தங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் எட்டிப் பார்க்கவே முடியாத பல்கலைக்கழகத்தின் பெஞ்சுக்காக ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்தார்கள் என்பது இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. வெளிநாடுகளிலிருந்தும் கல்வியாளர்களின் கண்டனங்கள் வந்தன. ஆனால் சிறுபான்மையினர் ஒப்பந்தத்தின்படி கேள்வி கேட்க வழி அடைபட்டிருந்தது. அந்தக் கண்காணிப்புக்கு இனி ஒத்துழைக்கப்போவதில்லை என்று போலந்து 1934 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

நின்றதால் ஆணை ரத்தாகவில்லை. தனிப் பெஞ்சு வந்தால் அமைதி வரும் என்ற வாக்கும் பலிக்கவில்லை. பெஞ்சு கிடைத்ததும் அடுத்த கோரிக்கை வந்தது: யூதர்களே பல்கலைக்கழகத்தில் இருக்கக் கூடாது என்றார்கள். லிவோவில் 1938 நவம்பரில் மருந்தியல் படித்த யூத மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். 1939 மே மாதம் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். 1921-22இல் 24.6 ஆக இருந்த யூத மாணவர் விழுக்காடு 1938-39இல் 8.2 ஆகச் சுருங்கியது. இடவரம்பும் அடிதடியும் வறுமையும் நாட்டைவிட்டுப் போனதும் சேர்ந்து செய்த வேலை இது.

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி படையெடுத்தது. ஆக்கிரமிப்பாளர்கள் போலந்தின் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். நவம்பர் 6 அன்று கிராக்கோவ் நகரப் பேராசிரியர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்து மொத்தமாகக் கைதுசெய்தார்கள். பார்தெலை 1941 ஜூலையில் லிவோவில் சுட்டுக் கொன்றார்கள். ஹாண்டெல்ஸ்மன் 1945 மார்ச்சில் வதைமுகாமில் இறந்தார். போலந்தின் யூதர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மண்டபங்களில் நின்ற மாணவர்களில் மிகப் பலர் அவர்களோடு போனார்கள். அவர்களின் பெயர்ப் பட்டியல்கூட முழுமையாக மிஞ்சவில்லை.

பதிவேட்டில் அடித்தல் போட்ட இரேனா சென்ட்லர், போர்க்காலத்தில் 'ஜெகோட்டா' என்ற ரகசிய உதவி அமைப்பின் குழந்தைகள் பிரிவை நடத்தி, வார்சா கெட்டோவிலிருந்து யூதக் குழந்தைகளை வெளியே கொண்டுவந்து காப்பாற்றியவர்களில் முக்கியமானவரானார். 1965இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் அவரைக் கௌரவித்தது. 1945இல் போலந்தின் பல்கலைக்கழகங்கள் மீண்டும் திறந்தபோது தனிப் பெஞ்சு எங்கும் இல்லை. கையெழுத்திட மறுத்த குல்சின்ஸ்கி விரோட்ஸ்வாவ் நகரின் உயர்கல்விக்குத் தலைமையேற்றார். நின்றபடியே பாடம் நடத்திய கோதார்பின்ஸ்கி, புதிதாக அமைந்த லூட்ஸ் பல்கலைக்கழகத்தின் முதல் ரெக்டர் ஆனார்.